தேய்ந்த காசுகளைப் படித்தவர்

பழைய காசு சேர்ப்பவர் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை விற்றால் எவ்வளவு கிடைக்கும்? செலாயாங் வட்டாரத்தில் பல வீடுகளில் மைலோ டின்னுக்குள் ஒரு சென் காசுகள் இன்னும் கிடக்கின்றன. 2008 ஏப்ரலில் கடைத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யும் முறை வந்த பிறகு அவற்றை யாரும் கல்லாவில் நீட்டுவதில்லை. கெரிஸ் பொறித்த ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பரில் செல்லாமல் போனது. போலிக் காசுகள் பெருகியது அதற்கு ஒரு காரணம். இவற்றை விற்றால் பல்லாயிரம் வெள்ளி கிடைக்கும் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தேய்ந்த ஒரு காசுக்கு அப்படி விலை வருவது அரிது என்பதை அவை சொல்வதில்லை.

காசின் மதிப்பைச் சொல்வதையே வேலையாகக் கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிய ஒருவரின் கதை இது. சந்தையில் விலையே இல்லாத, பச்சைக் களிம்பு பிடித்த செப்புக் காசுகளைப் பொற்காசுகளைவிட உயர்வாக அவர் மதித்தார். அந்தக் காசுகள் அவருக்குக் கொடுத்தது இரண்டு எழுத்து முறைகளின் திறவுகோல். அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப். வரலாற்றுப் பாடநூல்களில் அசோகரைப் பற்றிய பாடத்தில் ஒரே வரியில் வந்து போகிறவர். நாற்பது வயதில் இறந்தவர்.

பிரின்செப் 1799 ஆகஸ்ட் 20இல் இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் பத்தாவது குழந்தை, ஏழாவது மகன். தந்தை ஜான் பிரின்செப் கையில் அதிகம் காசில்லாமல் வங்காளத்துக்குப் போய், அவுரிச் சாய வணிகத்தில் பெரும் பணம் சேர்த்துத் திரும்பியவர். 1780களில் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு அருகில் செப்புக் காசு அடித்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் அவரிடம் இருந்தது. ஆக, மகனுக்கு முன்பே அந்தக் குடும்பத்துக்கும் இந்தியக் காசுக்கும் உறவு உண்டு. ஆனால் சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி இங்கிலாந்தில் கரைந்துபோனது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜேம்ஸ் பள்ளிக்குப் போனது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். மற்றதெல்லாம் அண்ணன்மாரிடமும் அக்காளிடமும் கற்றது. நுட்பமாக வரைவதில் அவருக்குத் திறமை இருந்ததால் கட்டடக் கலை படிக்க அனுப்பினார்கள். வரைந்து வரைந்து கண் கெட்டது. அந்தப் படிப்பை விட நேர்ந்தது. வாழ்நாளின் மிச்சத்தைக் கட்டைவிரல் நகத்தளவு காசுகளில் மணல்போல் கிடந்த எழுத்துகளைப் பார்த்தே கழிக்கப் போகிறவருக்குக் கண்ணால் முதல் தடை வந்தது விந்தைதான். கண் தேறியதும் தந்தை வேறொரு வழி பார்த்தார். இந்தியாவில் கம்பெனி நடத்திய நாணயச் சாலைகளில் மாற்று பார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஜேம்ஸ் கொஞ்சம் வேதியியல் படித்து, லண்டன் அரச நாணயச் சாலையில் பயிற்சி பெற்று, அண்ணன் ஹென்றி தோபியுடன் கப்பலேறினார். 1819 செப்டம்பர் 15இல் கல்கத்தாவில் இறங்கியபோது அவருக்கு வயது இருபது. இதைப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கும் அதே வயதுதான் இருக்கும்.

மாற்று பார்ப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே மாற்றுதான். உலோகத்தின் தூய்மை. ஒரு வெள்ளிக் காசில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. உரைகல்லில் உரசிப் பார்த்தால் ஓரளவு தெரியும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் நெருப்புதான் வழி. காசிலிருந்து சிறு துணுக்கை வெட்டி எடை போடுவார்கள். அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். ஈயமும் செம்பு போன்ற மட்ட உலோகங்களும் காற்றோடு சேர்ந்து வேறு பொருளாக மாறிக் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். கடைசியில் ஒரு பளபளப்பான வெள்ளி மணி மட்டும் நிற்கும். அதை மறுபடி எடை போட்டால் முதல் எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் கலப்படத்தின் அளவு. உலையின் சூடு கூடினாலும் குறைந்தாலும், தராசு மயிரிழை பிசகினாலும், சொல்லும் மாற்று தவறாகிவிடும். அப்படி ஒரு தவறு லட்சக்கணக்கான காசுகளில் பெருகும்.

இந்த வேலைக்காக அவரைக் கல்கத்தாவிலிருந்து காசி நாணயச் சாலைக்கு அனுப்பினார்கள். 1830இல் அந்தச் சாலை மூடப்படும்வரை பத்தாண்டு அங்கேதான் இருந்தார். அப்போது ஒரு கிரெய்னில் ஆயிரத்தில் மூன்று பங்கு வரை காட்டும் தராசு ஒன்றை அவரே வடிவமைத்தார். இன்றைய கணக்கில் சுமார் 0.19 மில்லிகிராம், ஒரு அரிசி மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உலையின் சூட்டை அளக்கவும் வழி கண்டார். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, எந்தக் கலவை எந்தச் சூட்டில் உருகுகிறது என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் முறை அது. அதைப் பற்றிய கட்டுரை 1828இல் லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதே காலத்தில் கழகம் அவரை உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாதவர் இந்த நிலைக்கு வந்ததை நினைத்துப் பார்க்கலாம்.

காசியில் அவர் செய்த மற்ற வேலைகளை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். நகரத்தின் வரைபடம் போட்டார், மக்கள்தொகை கணக்கெடுத்தார், தேங்கிய நீரை வடிக்க நிலத்தடிக் கால்வாய் அமைத்தார், ஔரங்கசீப் கட்டிய மசூதியின் ஆட்டம்கண்ட மினார்களைச் சரிசெய்ய வைத்தார், கர்மநாசா ஆற்றுக்குப் பாலம் வடிவமைத்தார். அந்த ஆற்று நீர் பட்டால் சேர்த்த புண்ணியம் போய்விடும் என்பது யாத்திரிகர்களின் நம்பிக்கை. அவர்களுக்குப் பாலம் பெரிய உதவி. காசியின் படித்துறைகளைக் கல்லச்சுப் படங்களாக வரைந்து நூலாகவும் வெளியிட்டார்.

1830இல் கல்கத்தா திரும்பினார். அங்கே மாற்று அதிகாரியாக இருந்தவர் ஹோரஸ் ஹேமன் வில்சன், பேர்பெற்ற சமஸ்கிருத அறிஞர். 1832இல் வில்சன் ஆக்ஸ்ஃபோர்டு போகவே, நாணயச் சாலை பதவியும் ஆசியக் கழகத்தின் செயலாளர் பொறுப்பும் பிரின்செப் கைக்கு வந்தன. பகலில் உலை, தராசு. மாலையில் கழகம், கடிதம், அச்சுப்படி. கழகத்தின் மாத இதழை அவரே நடத்தினார்.

அந்த நாளில் இந்தியாவில் புழங்கிய காசுகளைப் பார்த்தால் தலை சுற்றும். வங்காளத்தில் சிக்கா ரூபாய், வடமேற்கில் ஃபரூக்காபாத் ரூபாய், பம்பாயில் ஒன்று, சென்னையில் ஒன்று. போதாதற்குச் சமஸ்தானங்கள் அடித்தவை வேறு. ஒவ்வொன்றும் எடையிலும் மாற்றிலும் வேறுபட்டது. ஒரு ஊர் ரூபாயை இன்னொரு ஊரில் மாற்றும்போது வட்டக்காரர் தம் கூலியைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். சாதாரணக் குடியானவருக்குத் தம் கையில் உள்ள காசு என்ன பெறும் என்பதே தெரியாது. பிரின்செப் 1834இல் இந்தக் காசுகள், எடைகள், அளவைகள் அனைத்தையும் அட்டவணையாக்கி வெளியிட்டார். ஒரே எடை, ஒரே மாற்று வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1835இல் அது சட்டமானது. புதிய கம்பெனி ரூபாய் 180 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொன்று வெள்ளி. தங்க வணிகத்தில் இன்றும் காதில் விழும் தோலா என்ற எடையும் அதே 180 கிரெய்ன்தான்.

இந்த ரூபாய் நம் பக்கமும் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை இந்தியாவிலிருந்துதான் ஆளப்பட்டன. அரசாங்கக் கணக்குகள் ரூபாயில் நடந்தன. வணிகர்களோ ஸ்பானிய டாலரைத்தான் நம்பினார்கள். 1845 என்று ஆண்டு பொறித்து, ஒரு பக்கம் விக்டோரியா தலையும் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் உள்ள செப்பு சென் காசை இங்குள்ள சேகரிப்பாளர்கள் நன்றாக அறிவார்கள். டாலரின் நூறில் ஒரு பங்காக, இந்த நீரிணைப் பகுதிக்கென்றே அடிக்கப்பட்ட காசு அது.

இனி முக்கியமான கதைக்கு வருவோம். கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த பிரின்செப்புக்கு நாடெங்கிலுமிருந்து காசுகள் வரத் தொடங்கின. படைவீரர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், பயணிகள் என யாருக்கு மண்ணுக்குள் பழங்காசு கிடைத்தாலும் அவருக்கு அனுப்பினார்கள். காரணம் எளிது. அனுப்பியவர் பெயரைக் குறிப்பிட்டு, காசை நுட்பமாகத் தம் கையாலேயே வரைந்து, தகட்டில் செதுக்கி அடுத்த இதழில் அச்சிட்டுவிடுவார். அந்த இதழைப் பார்த்து இன்னும் நாலு பேர் தேடத் தொடங்குவார்கள்.

அவர்களில் வினோதமானவர் சார்ல்ஸ் மேசன். உண்மைப் பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கம்பெனிப் படையிலிருந்து 1827இல் தப்பியோடி, பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தில் அலைந்தவர். காபூலுக்கு வடக்கே பெக்ராம் என்னும் சமவெளியில், மழையில் கரைந்த மண்ணிலிருந்து ஆட்டிடையர்கள் பொறுக்கி வரும் பழங்காசுகளை அவர் வாங்கினார். பாத்திரக்காரர்கள் அந்தக் காசுகளை உருக்கிச் சட்டி பானை செய்துகொண்டிருந்தார்கள். மேசன் போய்ச் சேராதிருந்தால் மேலும் பலவும் அதே உலைக்குத்தான் போயிருக்கும். பல்லாயிரம் காசுகள் அவர் வழியாகத் தப்பின. முக்கியமாக, எது எங்கே கிடைத்தது என்று அவர் குறித்து வைத்தார்.

காசு சேர்க்கும் நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. காசு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எப்போது என்று ஒரு சின்னத் தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடும். அந்தப் பளபளப்பைப் பார்த்து எந்தச் சேகரிப்பாளரும் கூடுதல் விலை தரமாட்டார், குறைத்துத்தான் கேட்பார். இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1783இல் கல்கத்தா காளிகாட்டில் ஒரு பானையில் இருநூறுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. இன்று நமக்குத் தெரியும், அவை குப்தர் காலத்தவை. ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவற்றை லண்டனுக்கு அனுப்பினார். கொஞ்சம் அருங்காட்சியகங்களுக்குப் போனது, மற்றது உருக்கப்பட்டது. அந்தக் காசுகளில் இருந்த எழுத்தைப் படிக்கும் ஆள் அன்று இருந்திருந்தால் உருக்கியிருப்பார்களா என்று தெரியவில்லை.

மேசன் சேர்த்த காசுகளுக்கு ஒரு சிறப்பு. அலெக்சாண்டருக்குப் பின் அந்தப் பகுதியை ஆண்ட கிரேக்க மன்னர்கள் அடித்தவை அவை. ஒரு பக்கத்தில் கிரேக்க எழுத்து, மறுபக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடும், யாருக்கும் தெரியாத ஓர் எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? மெனாண்டர், அப்பொலொடோட்டஸ், ஹெர்மயஸ் ஆகிய மன்னர் பெயர்களும் அரசன், காப்பவன் என்ற பட்டங்களும் மறுபக்கத்தில் எங்கே வருகின்றன என்பதை மேசன் அடையாளம் கண்டு எழுதியனுப்பினார். பிரின்செப் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, காசுக்குக் காசு ஒப்பிட்டு எழுத்துகளைப் பிரித்தார். தொடக்கத்தில் மொழி எது என்பதில் வழி தவறினார். 1838இல் அது பிராகிருதம் என்று தெளிந்து மேலும் பல எழுத்துகளைச் சரியாகப் படித்தார். கரோஷ்டி என்று இன்று நாம் சொல்லும் எழுத்து அது. இரண்டு மொழிகளில் படித்து வளரும் நம் மாணவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான். ஒரே அறிவிப்பை மலாயில் வாசித்துவிட்டுத் தமிழில் பார்த்தால், தெரியாத சொல்லும் தானாகப் புரிந்துவிடுகிறது.

இன்னொரு புதிர் அதைவிடப் பெரியது. டில்லியில் ஃபெரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்திய ஒற்றைக்கல் தூண், அலகாபாத் தூண், சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலி எல்லாவற்றிலும் குச்சி குச்சியாக ஒரே வகை எழுத்து. அந்தச் சுல்தான் அறிஞர்களை அழைத்துக் கேட்டும் படிக்க ஆளில்லை. பிரின்செப் 1834இலேயே அலகாபாத் எழுத்துகளை எண்ணி அட்டவணையாக்கியிருந்தார். அடிப்படை வடிவங்கள் சில. ஒவ்வொன்றின் தலையிலோ காலிலோ சிறு கோடுகள் ஒட்டி வருகின்றன. நமக்கு இது உடனே புரியும். க, கா, கி, கீ என்று தொடக்கப்பள்ளியில் எழுதியது இதைத்தானே. இது இந்திய எழுத்து முறையே என்று அவர் கண்டார். ஆனால் எந்த வடிவம் எந்த ஒலி?

இங்கும் உதவிக்கு வந்தவை காசுகள். ஜெர்மனியின் பான் நகரில் இருந்த கிறிஸ்டியன் லாசன் 1836இல் அகத்தோக்ளிஸ் என்னும் கிரேக்க மன்னனின் காசில் கிரேக்கத்தோடு இந்தக் குச்சி எழுத்தும் இருப்பதைக் கண்டு, பெயரைப் படித்துவிட்டார். எனவே முதல் வெளிச்சம் அவருடையது என்று சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பிரின்செப் 1837இல் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த சின்னஞ்சிறு வெள்ளிக் காசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மன்னன் தலை. மறுபக்கம் விளிம்பைச் சுற்றி, அந்தக் குச்சி எழுத்திலிருந்து பிற்காலத்தில் வளர்ந்த வடிவத்தில் ஒரு வாசகம். இன்னாருடைய மகன் இன்னாருடைய காசு என்ற அமைப்பு. உடைய என்பதற்கு ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஸ என்ற ஒலி திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார்.

அந்தப் பழக்கத்தோடு அவர் கண் சாஞ்சிக்குத் திரும்பியது. கேப்டன் எட்வர்ட் ஸ்மித் சாஞ்சிக் கல்வேலியிலிருந்து படியெடுத்து அனுப்பிய குறுவரிகளை அச்சுக்காக அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாமே தனித்தனி, மிகச் சிறியவை. ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன, கடைசியில் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் காசுகளில் பார்த்த அதே ஸ. கோயிலுக்கு மக்கள் எதைக் கொடுத்தாலும் பெயர் வெட்டி வைப்பார்கள் என்பதைப் பத்தாண்டு காசியில் பார்த்தவர் அவர். நம் கோயில்களிலும் மின்விசிறி இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். இன்னாருடைய என்றால் அடுத்து வரக்கூடிய சொல் என்ன? தானம். அப்படியானால் அந்த எழுத்துகள் த, ந. புள்ளி என்பது ம் என்னும் ஒலி. சரியான எழுத்துகள் கிடைத்ததும் மற்றவை வரிசையாக விழுந்தன. சில நாட்களில், இல்லை சில வாரங்களில் என்று சொல்வதே பொருத்தம், டில்லித் தூணை அவர் படிக்கத் தொடங்கிவிட்டார். அருகில் உட்கார்ந்து பொருள் சொல்ல உதவியவர் கமலாகாந்த வித்யாலங்கார் என்ற பண்டிதர். பிரின்செப் பெயர் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடம் இது.

தூண்களில் பேசிய மன்னன் தன்னைப் பியதசி என்று சொல்லிக்கொண்டான். அப்படி ஒரு மன்னன் இந்திய வம்சப் பட்டியல் எதிலும் இல்லை. பிரின்செப் முதலில் அவனை இலங்கை மன்னன் என்றே நினைத்தார். இலங்கையில் அரசுப் பணியிலிருந்து, பாலி நூல்களைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் டர்னர் அதைத் திருத்தினார். அசோகருக்கு அந்தப் பட்டம் உண்டு என்று அங்குள்ள பழைய நூல் சொல்வதை அவர் கண்டெடுத்தார். இரண்டாயிரம் ஆண்டு மறைந்திருந்த ஒரு பேரரசர் இப்படித்தான் வெளியே வந்தார். 1838இல் கிர்னார் பாறைக் கல்வெட்டில் அந்தியோகஸ், தாலமி முதலிய கிரேக்க மன்னர்களின் பெயர்களைப் பிரின்செப் கண்டார். அவர்களின் காலம் ஏற்கெனவே தெரியும். எனவே அசோகரின் காலமும், அதைப் பிடித்து இந்திய வரலாற்றின் பெரும்பகுதியும் ஆண்டுக் கணக்கில் நிலைபெற்றன. அதே பாறையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் என்று தெற்கின் பெயர்களும் இருக்கின்றன. மூவேந்தரைப் பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

அவரிடம் வந்த எல்லாமே படிக்கப்பட்டுவிடவில்லை. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஐம்பது வரிக்கு மேல் எழுத்து கொண்ட பெரும் பாறை ஒன்று இருந்தது. வில்லியம் பிளாண்ட் என்பவர் அதைப் படியெடுத்து அனுப்ப, 1837இல் பிரின்செப் அதைத் தம் இதழில் அச்சிட்டார். அவரால் படிக்க முடியவில்லை. 1843இல் கட்டட வேலைக்காக அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த, புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயர் பொறித்த கல்லும் கல்கத்தாவுக்குத்தான் போனது. அது இப்போதும் அங்கேதான் உள்ளது. மாணவர்களே, அது பூஜாங் பள்ளத்தாக்கு வரலாற்றின் ஒரு பக்கம். அதைப் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. பிரின்செப்பின் சொந்தக் காசுகளும் அவர் இறந்த பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. பாதுகாப்பாக இருக்கின்றன என்பது உண்மை. கிடைத்த மண்ணில் இல்லை என்பதும் உண்மை.

1837, 1838 இரண்டு ஆண்டுகளிலும் அவர் உடம்பை உடம்பென்று பார்க்கவில்லை. 1835இல் ஹாரியட் ஆபர்ட் என்பவரை மணந்திருந்தார். ஒரு மகள் பிறந்திருந்தாள். பகல் முழுதும் நாணயச் சாலை, பிறகு மாதந்தோறும் தடித்த இதழ், நூற்றுக்கணக்கான கடிதங்கள், காசுப் படங்கள். 1838இல் தீராத தலைவலி தொடங்கியது. முதலில் வேலைக் களைப்பு என்றே எண்ணினார்கள். ஆண்டு முடிவதற்குள் நிலைமை முற்றிக் கப்பலேற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது நினைவு தடுமாறிவிட்டிருந்தது. யாரும் படிக்காத எழுத்தைப் படித்த மூளை, கடைசி ஓராண்டுக்கு மேல் எதையும் அடையாளம் காணாமல் கிடந்தது. 1840 ஏப்ரல் 22இல் லண்டனில் இறந்தார்.

கல்கத்தா மக்கள் நன்கொடை திரட்டி, ஹூக்ளி ஆற்றங்கரையில் வெள்ளைத் தூண்கள் நிற்கும் ஒரு படித்துறையை 1843இல் அவர் நினைவாகக் கட்டினார்கள். பிரின்செப் காட் என்று இன்றும் அதே பெயர். மாலையில் இளைஞர் கூட்டம் நிறைந்திருக்கும் இடம். சிங்கப்பூரில் பிரின்செப் தெரு இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அது அங்கே சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த அண்ணன் சார்ல்ஸின் பெயர்.

அவர் திறந்த எழுத்தின் வழியேதான் பின்வந்தவர்கள் தமிழின் பழைய காசுகளையும் படித்தார்கள். மாக்கோதை, கொல்லிரும்பொறை என்னும் சேரர் பெயர்களும், பெருவழுதி என்னும் பாண்டியன் பெயரும் காசுகளில் கிடைத்தன. சாதவாகனர் வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழ். மேசனின் கிரேக்கக் காசுகளைப் போலவே இருமொழிக் காசு. நமது வட எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுக இடம் உண்டு. அங்கே ஒரு சிறு கருங்கல் கிடைத்தது, பொன்னின் மாற்று பார்க்கும் உரைகல். கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதில் பிராமி எழுத்தில், தமிழில், பெரும்பதன் கல் என்று வெட்டியிருக்கிறது. கடல் கடந்து வந்து தொழில் செய்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் கல். அங்குள்ள குளோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.